பட்டியலில் பெயர் வந்த பிறகு

உயர்கல்வியில் ஒரு மாணவர் படிப்பைப் பாதியில் விடுவது ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. விலகல் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கும் தேதிக்குப் பல வாரங்களுக்கு முன்பே அவர் மெல்லமெல்ல விலகத் தொடங்கியிருப்பார். முதலில் ஒரு வகுப்பு தவறும், பிறகு ஓர் அசைன்மென்ட் தாமதமாக வரும், அடுத்தது வராது, அதன்பின், தவறவிட்டதை எண்ணி ஏற்படும் கூச்சத்தினாலேயே அவர் ஆசிரியர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போவார். நூறு பேருக்கு மேல் அமர்ந்திருக்கும் அரங்கில் பின்வரிசையில் ஓர் இருக்கை காலியாக இருப்பதை யார் கவனிப்பது? தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகுதான் அந்தப் பெயர் பேச்சில் அடிபடும். அப்போது செய்வதற்கு அனேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்று பாடக்குறிப்பு, காணொளி, வினாடி வினா, விவாதம், ஒப்படைப்பு என எல்லாமே மூடில் போன்ற இணையவழிக் கற்றல் தளங்களின் வழியாக நடப்பதால், அந்த மெல்லிய விலகல் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. அத்தகைய தடயங்களைத் திரட்டி, அளந்து, ஆராய்ந்து, அவற்றிலிருந்து கற்றலைப் பற்றி எதையாவது தெரிந்துகொள்ள முயலும் துறைக்குக் கற்றல் பகுப்பாய்வு என்று பெயர். இத்துறையின் முதல் பன்னாட்டு மாநாடு 2011ஆம் ஆண்டு கனடாவின் பான்ஃப் நகரில் நடந்தது. கற்பவர்களையும் அவர்களுடைய சூழலையும் பற்றிய தரவுகளைத் திரட்டிப் பகுத்து, கற்றலையும் அது நிகழும் இடத்தையும் புரிந்துகொண்டு மேம்படுத்துவதே நோக்கம் என்று அங்கே வகுக்கப்பட்ட வரையறைதான் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால், நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் கற்பவரை மட்டும் அளந்துவிட்டு, கற்பிக்கும் இடத்தை அளக்காமலேயே விட்டுவிடுகின்றன. பாடம் நடத்துபவனாகவும், மாணவர்களுக்கு வழிகாட்டும் குழுவில் இருப்பவனாகவும் எனக்கு இத்துறையின் மீதுள்ள மதிப்பும் மனக்குறையும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் மதிப்பைச் சொல்லிவிடுகிறேன். தடயங்கள் உண்மையிலேயே பேசுகின்றன. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2017இல் பெயர் நீக்கி வெளியிட்ட தரவுத் தொகுப்பை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்தி வருகிறார்கள்; அதில் 32,593 மாணவர் பதிவுகளும், அவர்கள் தளத்தில் எதை எப்போது எத்தனை முறை பார்த்தார்கள் என்பதன் நாள்வாரித் தொகுப்பாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வரிகளும் இருக்கின்றன. அத்தரவை யார் எடுத்து எந்த முறையில் ஆராய்ந்தாலும், முதல் சில வாரங்களின் ஈடுபாடும் முதல் ஒப்படைப்பு வந்ததா இல்லையா என்பதும் முடிவோடு வலுவாக இணைந்திருப்பதைக் காணலாம். இதைக் கண்டறியச் சிக்கலான அல்காரிதம் ஏதும் வேண்டியதில்லை. முதல் அசைன்மென்டை அனுப்பாதவர்களின் பெயர்களை ஓர் எக்செல் தாளில் இட்டு, அவர்களோடு அந்த வாரமே பேசத் தொடங்குகிற ஒரு துறை, விலை உயர்ந்த மென்பொருளின் பயனில் பெரும்பகுதியைச் செலவில்லாமலேயே பெற்றுவிடும் என்பது என் கணிப்பு. விற்பனையாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் சொல்வது துல்லியத்தைப் பற்றி. 'எங்கள் மென்பொருள் எண்பத்தைந்து விழுக்காடு சரியாகக் கணிக்கிறது' என்று ஒருவர் திரையில் காட்டும்போது, அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பாடத்திட்டத்தில் 1,000 பேர் சேர்கிறார்கள் என்றும், அவர்களில் 120 பேர் இடையில் நின்றுவிடுவார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மென்பொருள் 200 பேரை ஆபத்தில் இருப்பவர்களாகக் குறிக்கிறது; அவர்களுள் 84 பேர் உண்மையாகவே நின்றுவிடுகிறார்கள். அதாவது நிற்கப்போகும் பத்துப் பேரில் ஏழு பேரை அது முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுகிறது. எந்த ஆசிரியருக்கும் இது பெரிய உதவி. ஆனால், குறிக்கப்பட்டவர்களில் 116 பேர் ஒரு சிக்கலும் இல்லாமல் படித்து முடிக்கப் போகிறவர்கள். குறிக்கப்படாமல் நழுவிப் போகிறவர்கள் 36 பேர். ஆக 1,000 பேரில் 848 பேரைப் பற்றிய கணிப்பு சரி, துல்லியம் 84.8 விழுக்காடு.

இப்போது இன்னொரு மென்பொருளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது எதையும் பார்ப்பதில்லை. யாரும் நிற்க மாட்டார்கள் என்று எல்லாப் பெயருக்கு நேராகவும் எழுதிவிடுகிறது. அது 880 பேரின் விஷயத்தில் சரியாகச் சொல்லிவிட்டது. துல்லியம் 88 விழுக்காடு. ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்காத மென்பொருள், எழுபது விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைவிடத் 'துல்லியமானது' ஆகிவிடுகிறது! ஆகவே துல்லியம் என்ற ஒற்றை எண்ணைக் கேட்டுத் தலையாட்டக்கூடாது. நிற்கப்போகிறவர்களில் எத்தனை பேரை இது பிடிக்கிறது, பிடித்தவர்களில் எத்தனை பேர் வீணாகக் குறிக்கப்பட்டவர்கள் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்பது கணிதத்தில் முடிவாகும் கேள்வியல்ல. குறிக்கப்பட்டவருக்கு அதனால் என்ன நேரும் என்பதைப் பொறுத்தது அது. வீணாகக் குறிக்கப்பட்ட 116 பேருக்கும் நேர்வது, எப்படிப் போகிறது என்று விசாரிக்கும் ஓர் அன்பான தொலைபேசி அழைப்பு மட்டும்தான் என்றால், கோட்டைத் தாராளமாகக் கீழே இறக்கிவிடலாம். அந்தக் குறியை வைத்து அவர்களுக்கு ஒரு பாடப்பிரிவோ உதவித்தொகையோ மறுக்கப்படும் என்றால், 116 என்பது ஏற்கவே முடியாத எண்.

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பிருக்கும் என்று ஊகிப்பது நம் மரபில் தர்க்கம் பயில்பவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். தொலைவில் புகைபோலத் தெரிவது பனியாகவும் இருக்கக்கூடும் என்பது அதைத் தொடர்ந்து வரும் பாடம். என் வகுப்பில் ஒரு மாணவி நான்கு வாரங்களாகத் தளத்தில் எதையுமே திறக்கவில்லை என்று, மாணவர்களின் நிலையை நிறங்களில் காட்டும் டாஷ்போர்டு திரை சிவப்பில் காட்டியது. வகுப்புக்குப் பின் விசாரித்தபோது, "முதல் வாரமே எல்லாத்தையும் டவுன்லோடு பண்ணிப் பிரிண்ட் எடுத்துட்டேன் சார்" என்று பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். மூன்றாம் பாடத்தில் நான் இட்டிருந்த ஒரு சமன்பாட்டுப் பிழைகூட அங்கே வட்டமிடப்பட்டிருந்தது. வகுப்பிலேயே மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி அவள். தளத்தின் கண்ணுக்கு அந்தப் படிப்பு முழுக்கப் புலப்படாமல் போயிற்று. மறுபுறம், ஒரு காணொளியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவர் அதே டாஷ்போர்டில் பச்சையாக ஒளிர்வார். சொடுக்குகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தரப்படும் என்று தெரிந்துவிட்டால், சொடுக்குகள் பெருகும், படிப்பு பெருகாது.

பாடத்துக்குப் பாடம் தடயங்களின் பொருளும் மாறுகிறது. டிராகன் காசெவிச்சும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஒன்பது முதல் ஆண்டுப் பாடங்களை எடுத்துக்கொண்டு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எல்லாப் பாடங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரு பொதுக் கணிப்பை உருவாக்கினால், ஒரு பாடத்தில் முக்கியமான அறிகுறி மறைந்துபோகிறது. இன்னொரு பாடத்தில் பொருளற்ற அறிகுறி பெரிதாகத் தெரிகிறது. விவாதப் பலகையைச் சுற்றியே வடிவமைக்கப்பட்ட ஒரு பாடத்தில் பேசாமல் இருப்பது ஓர் எச்சரிக்கை. விவாதப் பலகை பெயருக்கு மட்டும் திறந்துவைக்கப்பட்டிருக்கும் பாடத்தில் அதற்கு ஒரு பொருளும் இல்லை. பாடத்தை வடிவமைத்தவருக்குத்தான் இது தெரியும். ஆனால் மென்பொருளை வாங்கும் கூட்டத்துக்கு அவரை அழைக்கும் வழக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இத்துறையின் வரலாற்றில் நான் அடிக்கடி திரும்பிப் படிக்கும் அத்தியாயம், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2007 முதல் பயன்படுத்தப்பட்ட கோர்ஸ் சிக்னல்ஸ் என்ற முறையைப் பற்றியது. போக்குவரத்து விளக்கைப்போலச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு மாணவருக்கும் அவருடைய நிலை காட்டப்பட்டது; ஆசிரியர் அதை ஒட்டி மடல் அனுப்பினார். சிக்னல்ஸ் பயன்படுத்தப்பட்ட பாடங்களில் இரண்டையோ அதற்கு மேலோ எடுத்த மாணவர்கள் மற்றவர்களைவிட மிகக் கூடுதலான விகிதத்தில் படிப்பைத் தொடர்ந்தார்கள் என்று 2012இல் ஆய்வு வெளிவந்தபோது, உலகெங்கும் கல்லூரி நிர்வாகங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. அடுத்த ஆண்டே மைக் கால்ஃபீல்டும் அல்ஃபிரட் எஸ்ஸாவும் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள். இரண்டு சிக்னல்ஸ் பாடங்களை எடுக்க வேண்டுமானால் ஒருவர் பல்கலைக்கழகத்தில் போதுமான காலம் இருந்தாக வேண்டும் அல்லவா? முதல் பருவத்திலேயே வெளியேறிவிட்டவருக்கு அந்த வாய்ப்பே குறைவு. அப்படியென்றால், சிக்னல்ஸ் அவர்களைத் தக்கவைத்ததா, தங்கிவிட்டவர்கள் சிக்னல்ஸ் பாடங்களைக் கூடுதலாக எடுத்தார்களா?

சிக்னல்ஸுக்குப் பதிலாக மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எஸ்ஸா கேட்டார். பருவத்துக்குப் பருவம் கண்ணை மூடிக்கொண்டு சிலருக்குச் சாக்லேட் கொடுத்துக்கொண்டே போனால், நீண்ட காலம் படித்தவர்களிடம் கூடுதல் சாக்லேட் சேர்ந்திருக்கும். கடைசியில் கணக்கெடுத்தால் இரண்டு சாக்லேட் வாங்கியவர்கள் படிப்பைத் தொடரும் விகிதம் அபாரமாக இருக்கும். கணினியில் அதை ஒப்புருவாக்கம் செய்தபோது, பர்டியூவின் எண்களைப் போன்ற தோற்றமே வந்தது. இதனால் சிக்னல்ஸ் பயனற்றது என்று நிரூபணமாகிவிடவில்லை; பயனுள்ளது என்று காட்டப்பட்ட சான்று சான்றாக நிற்கவில்லை என்பது மட்டும் வெளிப்பட்டது. வேறுபாடு நுட்பமானது. ஆனால், அந்த முறையைப் பார்த்துத் தங்கள் கல்லூரியிலும் விளக்குகளை நிறுவ முனைந்தவர்கள் நின்று யோசித்திருக்க வேண்டிய வேறுபாடு அதுதான்.

கணிப்பு சரியாகவே இருந்தாலும் அதற்குப் பின் வரும் செயல் வேலை செய்யும் என்று கொள்வதற்கில்லை. ஷேன் டாசனும் அவருடைய சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கிய ஓர் ஏற்பாட்டை மதிப்பிட்டார்கள். ஆபத்தில் இருப்பவர்களைக் கணித்து, அவர்களுக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுக்கும் ஏற்பாடு அது. மேலோட்டமாகப் பார்த்தபோது அழைப்புப் பெற்றவர்கள் கூடுதலாகத் தங்கியதுபோலத் தெரிந்தது. மாணவர்களுக்கிடையிலான பிற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, அந்த விளைவு புள்ளியியல் நோக்கில் மறைந்துவிட்டது. தங்கள் துறையின் நம்பிக்கைக்கே எதிரான முடிவை அத்துறைக்காரர்களே வெளியிட்டது பாராட்டுக்குரியது.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், சேர்க்கையை உறுதிசெய்துவிட்டு வகுப்பு தொடங்கும்போது வராமலேயே போய்விடும் மாணவர்களுக்காக 2016இல் ஒரு சாட்பாட்டை இயக்கியது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. நிதியுதவிப் படிவம் இன்னும் வரவில்லை, தடுப்பூசிச் சான்று தேவை, முன்பணம் கட்டும் நாள் நெருங்குகிறது என்பன போன்ற செய்திகள்தான். செய்தி பெற்றவர்கள் உரிய காலத்தில் வந்து சேர்ந்த விகிதம் 3.3 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. அந்த ஆஸ்திரேலிய அழைப்புகள் பிசுபிசுத்ததற்கும் இந்தக் குறுஞ்செய்திகள் பலித்ததற்கும் இடையிலான வேறுபாட்டை ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது. ஆயினும் எனக்குப் படுவது இது. செய்தியைப் பெற்றவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் செய்தியிலேயே இருந்தது. 'நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்' என்று கேட்டவர் செய்யக்கூடியது கவலைப்படுவது ஒன்றுதான். 'இந்தப் படிவத்தில் இந்தக் கையொப்பம் விடுபட்டிருக்கிறது' என்று கேட்டவர் கையொப்பமிடலாம்.

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை அந்தச் சாட்பாட்டோடு முடிவதில்லை. அங்கே சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுபவர்கள் நூற்றுக்கு 32 பேர் என்ற நிலை 2003இல் இருந்தது. பத்தாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அது 54 ஆக உயர்ந்தது. இந்த உயர்வைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 2012இல் அங்கே தொடங்கப்பட்ட கணிப்பு முறையையும், அது நாள்தோறும் சரிபார்க்கும் 800க்கும் மேற்பட்ட அறிகுறிகளையும் வியந்து எழுதுவார்கள். அறிகுறிகளில் பல வியக்கத்தக்க எளிமை கொண்டவை: தன் பட்டத்துக்குக் கணக்கில் வராத ஒரு பாடத்தில் மாணவர் பெயர் பதிந்தால் எச்சரிக்கை எழும், அவ்வளவுதான். ஆனால், அதே காலத்தில் பல்கலைக்கழகம் 42 புதிய ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தது. எழுநூறு மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்றிருந்த விகிதத்தை முந்நூறுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தது. எச்சரிக்கை எழுந்தால் அதைப் பார்த்து மாணவரைக் கூப்பிட ஓர் ஆள் இருந்தார் என்பதே இதன் பொருள். கணிப்பு முறையின் விலையைவிட அந்த ஆட்களின் சம்பளம்தான் ஆண்டுதோறும் பெரிய செலவாக இருந்திருக்கும்.

அங்கே நடந்த இன்னொன்றுதான் இத்துறையின் சிறந்த பயன் என்று நான் கருதுவது. கட்டணத்தில் சிறு தொகை பாக்கி நின்றதற்காக ஒவ்வொரு பருவமும் கணிசமான மாணவர்களின் பதிவு நீக்கப்பட்டு வந்ததை நிர்வாகம் தரவுகளில் கண்டது. அவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள். சிலர் பட்டத்தை எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருந்தவர்கள். 2011 முதல் அத்தகையவர்களுக்குச் சிறிய மானியத் தொகையை, அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகம் கணக்கில் செலுத்தத் தொடங்கியது. சராசரியாக அது 900 டாலர் அளவில் இருந்தது. மாணவர் தங்கிவிட்டால் அவர் செலுத்தும் மற்றக் கட்டணங்கள் வழியே அந்தத் தொகை நிறுவனத்துக்கே திரும்பிவருகிறது என்பதால், இது தருமக் கணக்கிலும் சரி, வரவு செலவுக் கணக்கிலும் சரி, நட்டமில்லாத காரியம். இங்கே கோளாறு மாணவரிடம் இருக்கவில்லை. நிறுவனத்தின் சொந்த விதி ஒன்று, தேறக்கூடியவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தரவு அதைச் சுட்டிக்காட்டியது. நிறுவனம் தன்னைத் திருத்திக்கொண்டது. 'ஆபத்தில் உள்ள மாணவர்கள்' என்று எப்போதும் பேசுகிறோம். ஆபத்தான விதிகள், ஆபத்தான கால அட்டவணைகள், ஆண்டுதோறும் பாதி வகுப்பைத் தோற்கடிக்கும் முதலாண்டுப் பாடங்கள் ஆகியவற்றுக்கு நேராகவும் சிவப்பு விளக்கு எரியும் ஒரு டாஷ்போர்டை எந்த விற்பனையாளரும் எனக்கு இதுவரை காட்டியதில்லை.

அதே பட்டியல் தவறான கைகளில் என்ன ஆகும் என்பதற்கும் பொதுவில் பதிவான ஒரு நிகழ்வு இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் தரப்பட்டது. இதில் தவறான பதில் என்று எதுவும் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பதில்களைக் கொண்டு விலகக்கூடியவர்களைக் கணித்து, தக்கவைப்பு விகிதத்தை அறிக்கையிடும் நாளுக்கு முன்பே இருபது, இருபத்தைந்து பேரை வெளியேறச் செய்துவிட்டால் விகிதம் உயர்ந்து தெரியும் என்று பல்கலைக்கழகத் தலைவர் திட்டமிட்டிருந்ததை, 2016 ஜனவரியில் மாணவர் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது; அடுத்த மாத இறுதியில் அவர் பதவி விலகினார். கணிப்பு முறை சரியாக வேலை செய்திருந்தால் இந்தத் திட்டம் இன்னும் திறமையாக நடந்திருக்கும் என்பதை நினைத்தால்தான் உறுத்துகிறது.

எதைக் கணிப்பில் சேர்ப்பது என்பதும் இதோடு ஒட்டிய கேள்வியே. மாணவரின் இனம், பாலினம், பெற்றோரின் வருமானம், படித்த பள்ளி ஆகியவற்றைச் சேர்த்தால் கணிப்பு சற்றுக் கூர்மையாகலாம். ஆனால், அவற்றில் எதையும் மாணவரால் மாற்ற முடியாது. ஆசிரியரிடம் அவர் வந்து சேரும் முதல் நாளே பிறப்பின் பெயரால் ஒரு சிவப்புப் புள்ளியும் கூடவே வந்து சேர்கிறது. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரெண்ட் பல்கலைக்கழகம் தன் டாஷ்போர்டை வடிவமைத்தபோது பின்னணித் தகவல்களை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, நூலகப் பயன்பாடு, தளத்தைத் திறத்தல், ஒப்படைப்பு முதலிய ஈடுபாட்டுத் தடயங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. மாணவர் எந்தப் பின்னணியிலிருந்து வந்தார் என்பதைவிட வந்தபின் எவ்வளவு ஈடுபடுகிறார் என்பதே அவர் தொடர்வாரா என்பதை நன்றாகக் காட்டுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். ஆசிரியர் பார்க்கும் அதே திரையை மாணவரும் பார்க்கலாம் என்பது அந்த ஏற்பாட்டின் இன்னொரு சிறப்பு. எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. பின்னணித் தரவை ஆண்டு இறுதியில் நிறுவனம் தன்னைத் தணிக்கை செய்துகொள்ள, எந்தப் பிரிவு மாணவர்களை நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பார்க்கப் பயன்படுத்தலாம். தனியொருவர் பெயருக்கு நேராக எழுதப் பயன்படுத்தக் கூடாது.

பட்டியல் கைக்கு வந்தபின் எழுதப்படும் மடலுக்கு வருகிறேன். பெரும்பாலான அமைப்புகள் ஒரு முன்மாதிரி மடலோடு வருகின்றன. நான் பார்த்த ஒன்று ஏறக்குறைய இப்படி இருந்தது: 'அன்புள்ள மாணவருக்கு, எங்கள் கணினி அமைப்பின் மதிப்பீட்டின்படி இந்தப் பாடத்தில் நீங்கள் தோல்வியடையும் ஆபத்தில் இருக்கிறீர்கள். உடனடியாக உங்கள் துறை ஆலோசகரைத் தொடர்புகொள்ளவும்.' ஏற்கெனவே கூச்சத்தில் ஒதுங்கி நிற்பவருக்கு இதைவிடச் சிறப்பாகக் கதவைச் சாத்த முடியாது. எங்கள் குழுவில் நாங்கள் அதை விட்டுவிட்டு, மடலைப் பாட ஆசிரியரே தன் பெயரில், குறிப்பான ஒரே ஒரு விஷயத்தைச் சுட்டி எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். சென்ற பருவத்தில் நான் அனுப்பியவற்றுள் ஒன்று: 'உங்கள் இரண்டாம் அசைன்மென்ட் இன்னும் எனக்கு வரவில்லை. மூன்றாம் கேள்வியில் பலர் தடுமாறுகிறார்கள். அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறேன். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் அறையில் இருப்பேன். அந்த நேரம் ஒத்துவராது என்றால் எது வசதி என்று ஒரு வரி எழுதுங்கள்.' கணிப்பு, ஆபத்து, அமைப்பு ஆகிய மூன்றும் இதில் இல்லை. ஆபத்து அளவு 0.71 என்று மென்பொருள் எனக்குச் சொன்னது என் பார்வையைத் திருப்புவதற்கு. அவரிடம் போய்ச் சொல்வதற்கு அல்ல.

இப்படி எழுதுவதற்கு நேரம் வேண்டும். இருநூறு பேர் கொண்ட பட்டியலுக்குத் தனித்தனியே எழுத யாராலும் ஆகாது. சிட்னி பல்கலைக்கழகத்தில் உருவான, எஸ்ஆர்இஎஸ் எனப்படும் மாணவர் தொடர்பு மென்பொருளும், ஆன்டாஸ்க் என்ற இன்னொரு கருவியும் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. எந்த நிலைமைக்கு எந்தப் பத்தி என்பதை ஆசிரியரே எழுதிவைத்து, மாணவரின் நிலையைப் பொறுத்து அப்பத்திகள் தானே சேர்ந்து மடலாகும்படி அவை அமைக்கப்பட்டவை. சொற்கள் ஆசிரியருடையவை, கோத்துத் தருவது மட்டுமே இயந்திரத்தின் வேலை. கணிப்பில் பெருமைகொள்ளும் கருவிகளைவிட இத்தகைய எளிய கருவிகள் வகுப்பறையில் கூடுதலாக உழைக்கின்றன என்பது என் அனுபவம்.

மாணவருக்குத் தெரியாமல் இவற்றைச் செய்வது சரியா என்ற கேள்விக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014இலேயே ஒரு வெளிப்படையான கொள்கையை அறிவித்துப் பதில் சொன்னது. பிரிட்டனில் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் ஜிஸ்க் அமைப்பு 2015இல் ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. எந்தத் தரவு, எதற்காக, யார் பார்ப்பார்கள், தவறாக இருந்தால் திருத்தக் கேட்பது எப்படி என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது இவற்றின் சாரம். இதில் விவாதிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதுதான்.

விவாதம் எழுவது, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில். எங்கள் துறையில் பருவம் முடிந்ததும் நிறக்குறிகளை அழித்துவிடுகிறோம். மதிப்பெண் மட்டும் தங்கும். முதல் ஆண்டில் சிவப்பாக இருந்தவர் என்ற செய்தியோடு இரண்டாம் ஆண்டு ஆசிரியர் அவரைச் சந்திக்கக் கூடாது என்பது எங்கள் வாதம். சக ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. முந்தைய பருவத்தில் என்ன உதவி செய்தோம், எது பலித்தது என்பதையும் சேர்த்து அழித்துவிட்டால், புதிய ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மாணவரும் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்கிறார் அவர். அதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு, ஆலோசகர் எழுதிய குறிப்புகளை மாணவரிடமே காட்டி, அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு இவற்றுள் எதைக் கொடுக்கலாம் என்று அவரையே கேட்டு, அவர் ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்துக்கொள்கிறோம். பெரும்பாலானவர்கள் வகுப்பு நேரம், வேலை நேரம் பற்றிய குறிப்புகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டு நிலைமை பற்றியவற்றை நீக்கச் சொல்கிறார்கள். அடுத்த பருவத்திலிருந்து அந்தக் குறிப்பை மாணவரே எழுதித் தரட்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது; குழு இன்னும் முடிவு செய்யவில்லை.